பக்கத்து இருக்கையில் போட்ட துண்டு

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பூப்பாறைக்குப் போனது மூன்று மாத விடுப்பில். பிறகு இரண்டு முறை நீட்டித்துக்கொண்டாள், அதுவும் வாய்மொழியாக. பத்தாம் மாதம் நானே போய் அழைத்து வருவதென்று முடிவு செய்தேன். போகக் காரணம் வேண்டுமே. எங்கள் கூட்டுக் கணக்குக்கு வங்கியில் ஒரு படிவம் கேட்டிருந்தார்கள். "நீ நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்று போனில் சொல்லி வைத்தேன்.

விடியலில் உத்தமபாளையத்தில் ஏறி, போடியில் பஸ் மாறினேன். மலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. சேர்ந்து போகும்போதெல்லாம், எனக்குக் கண் தெரியாதது மாதிரி அவள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். நான் எரிந்து விழுவேன். அன்று மனதுக்குள் நானே படித்தேன். ஒன்பதைத் தவறவிட்டேன்.

பூப்பாறையில் இறங்கி, ஏலத்தோட்டத்து ஜீப்பில் தொற்றி, மகள் வீட்டை அடைந்தபோது உச்சிப்பொழுது. இடுப்பில் பேரனோடு வந்த மனைவி என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு படிவத்தை முழுக்கப் படித்தாள்.

"நேர்ல வரணும்னு எங்கன எழுதியிருக்கு? காட்டுங்க."

தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எதிரே நின்றவர்களிடம் நான் கேட்ட கேள்வி. தொனிகூட மாறவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? கூரியர்ல அனுப்பியிருக்கலாம்ல."

"தொலைஞ்சு போயிரும்."

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

காரணத்தைத் தெளிவாக எழுதாத மனுவை நானே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"மாத்திரையெல்லாம் சரியா சாப்பிடுறேன்" என்றேன்.

"மக வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. பிள்ளைய யாரு பாக்க?" என்றாள், நான் கேட்காததற்குப் பதிலாக.

சாயங்காலம் பேரனைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வழியனுப்ப வந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டேன்.

"சார், இங்கன ஆள் வாராகளா?" என்றார் கண்டக்டர்.

"வாராக."

கீழே நின்றவள் காதில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேரனின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு, "மலை மெட்டுல குளிரும். துண்ட எடுத்துக் கழுத்துல சுத்துங்க" என்றாள்.

சுத்தினேன். தோட்ட வேலை முடிந்து வந்த ஓர் அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.

மலை இறங்கும்போது வளைவுப் பலகைகளைப் படிக்க இன்னும் வெளிச்சம் இருந்தது.

"என்ன சார் சொன்னீக?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. பன்னிரண்டு."