ஆள் இல்லாத தெற்குச் சரிவு

எங்கள் மலையில் காற்றாலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கணவரின் ஊர் ஆரல்வாய்மொழிப் பக்கம். கல்யாணமாகிப் போன புதிதில் அங்கே தோப்புகளுக்கு மேலே சுற்றும் காற்றாலைகளை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த இரைச்சலில் தூக்கம் வராமல் புரண்டும் இருக்கிறேன். ஆனாலும் கரண்ட் எங்கிருந்தாவது வந்துதானே ஆகவேண்டும்?

கணவருக்குத் திருவனந்தபுரம் சாலை பஜாரில் இரும்புக்கடை. கரமனையில் வெகுகாலம் வாடகைக்கு இருந்துவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு மலையின் வடக்குச் சரிவில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு குடியிருப்போர் சங்கம். தெற்குச் சரிவில், மூடிப்போட்ட கல்குவாரிக்குக் கீழே, ஒரு வரிசை சின்ன வீடுகள். சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள். என் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டபோது சித்தாளாக வந்த ஒருத்தி அங்கேதான் இருந்தாள். அன்றிலிருந்து எனக்குப் பழக்கம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் திட்டப்படி காற்றாலைகள் எங்கள் வீடுகளுக்கு மேலே வருவதாக இருந்தது. சங்கம் கொதித்தது. இரைச்சல் வரும், சுற்றும் இறக்கையின் நிழல் ஜன்னலில் விழும், வீட்டு விலை இறங்கும் என்றார்கள். இரைச்சல் வரும் என்பதில் பொய்யில்லை. அதனால் சங்கக் கூட்டத்தில் நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செயலாளர் எழுந்தார்.

"நம்மள் காற்றாலைக்கு எதிரல்ல. தெக்கோட்டு மாற்றியால் மதி. அவிடெ ஆளில்லல்லோ."

தெற்கே மாற்றினால் போதுமாம், அங்கே ஆள் இல்லையாம். கைதட்டினார்கள். அந்தச் சரிவிலிருந்து காலையில் ஏறி வந்து இவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குகிற பெண்களும், மதில் கட்டிக் கொடுத்த கொத்தனார்களும் யார்? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையிலேயே அவளைத் தேடிப் போனேன். அடுப்படியில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அதான் போன வாரம் ரெண்டு பேரு வந்து பின்னால கல்லு நட்டுட்டுப் போனாங்களாக்கா? கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்களே" என்றாள். அடுப்படிச் சுவருக்குப் பின்னால் சிவப்புப் பெயின்ட் அடித்த கல் ஒன்று நின்றது. சங்கக் கூட்டத்துக்கு முன்பே இடத்தைக் குறித்துவிட்டிருந்தார்கள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கருத்துக்கேட்பு வைத்தார்கள். அவளும் அந்த வரிசைக்காரர்கள் சிலரும் வந்து கடைசியில் நின்றார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. உட்காரச் சொல்ல ஆளில்லை. செயலாளர் பேசி முடித்ததும் அவள் தமிழில் ஆரம்பித்தாள். பஞ்சாயத்துத் தலைவர் கையை உயர்த்தினார்.

"சேச்சி, மலையாளத்தில் பறயணும்."

"எனக்கு மலையாளம் தெரியும் சார். ஆனா கோவம் வந்தா தமிழ்தான் வரும்."

சிலர் சிரித்தார்கள். தலைவர் பொறுமையிழந்து, தெற்கில் இருப்பவர்கள் நிரந்தரக் குடியிருப்பாளர்கள் அல்ல, வேலை முடிந்தால் போய்விடுவார்கள் என்றார்.

"இந்த சார் வீட்டு மாடிக்கு ஜல்லி சொமந்தது நாந்தான்" என்று அவள் செயலாளரைக் காட்டினாள். "எம்பிள்ளைங்க இங்கதான் பொறந்து, இங்கதான் படிக்குது. நாங்க எங்க சார் போவோம்? உங்க காதுக்குக் கேக்குற சத்தம் எங்க காதுக்குக் கேக்காதா?"

செயலாளர் கூரையைப் பார்த்தார். நான் எழுந்தேன். கணவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "இரு, நமக்கு எதுக்கு" என்றார். உதறிவிட்டேன்.

"காத்தாடி வேண்டாம்னு இவங்க சொல்லலை. உங்க தலைக்கு மேல ஆகாதுன்னா, அவங்க தலைக்கு மேல எப்படி ஆகும்? ரெண்டு பக்கத்தையும் அளந்து, வீட்டை விட்டுத் தள்ளி வைங்க. அவ்வளவுதான் கேக்கோம்."

பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பரிசீலனை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. டீ வந்தது, டீ குடித்து முடிப்பதற்குள் தெற்கே மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. நாங்கள் இறங்கி வரும்போது பின்னாலிருந்து ஒருவர் "பாண்டிகள்" என்று தமிழர்களை இளக்காரமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறேன். அன்றைக்கு நானும் நிரந்தரம் இல்லாதவளாகிவிட்டேன்.

மேலே மனு போட்டோம். பலமுறை நடந்தபிறகு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். சங்கத்துக்காரர்கள் அவரைத் தங்கள் காரில் ஏற்றி, வடக்குப் பக்கம் மட்டும் காட்டித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். தெரிந்ததும் அவளும் அந்த வரிசைப் பெண்களும் வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அதிகாரி இறங்கினார். அவளுக்குப் பின்னால் தெற்குச் சரிவில் நடந்தார். அடுப்படிச் சுவரையும் சிவப்புக் கல்லையும் பார்த்தார்.

"இவிடெ ஆளில்லெந்நல்லே பறஞ்ஞது?" என்று செயலாளரைக் கேட்டார்.

இங்கே ஆள் இல்லை என்றுதானே சொன்னீர்கள் என்று. செயலாளர், தான் கவனிக்கவில்லை என்றார். இத்தனை வருஷம் தினம் அந்தச் சரிவுக்காரர்களிடம் வேலை வாங்கியவர்!

அடுப்படிக்குப் பின்னால் வரவிருந்த காற்றாலையை ரத்து செய்தார்கள். மற்றவை தெற்கு உச்சியிலேயே வந்துவிட்டன. வடக்குப் பக்கம் ஒன்றுகூட இல்லை. பாதி நியாயம் கிடைத்ததற்கே நன்றி சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஆடிக்காற்றில் அந்த வீடுகளில் இரைச்சல் நன்றாகவே கேட்கிறது. "பிள்ளைங்க பழகிட்டாங்கக்கா, எனக்குத்தான் முடியல" என்கிறாள் அவள்.

போன மாதம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு படம் போட்டார். விடியற்காலை, பனி, அதற்கு மேலே காற்றாலைகள். 'நம்முடெ மலை, எந்து பங்கி' என்று கீழே எழுதியிருந்தார். எவ்வளவு அழகு என்று எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி தெற்கே வந்து படுத்துப் பாருங்கள் என்று நான் தமிழிலேயே எழுதினேன். சாயங்காலம் பார்த்தபோது குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.