சரஸ்வதி திருப்பி அனுப்பிய என் லேப்டாப்

நமக்கு சரஸ்வதி பூஜை நவராத்திரியோடு முடிந்துவிடும். கொல்கத்தாவில் அது தை மாத வாக்கில் தனியாக வரும். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் அக்கா மகள் நித்யா நச்சரித்ததால் இந்த ஜனவரியில் கிளம்பினேன்.

அவள் அறை லேக் கார்டன்ஸில். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய், கால் மணி நேரம். வளாகம் முழுக்க மஞ்சள் புடவை. புத்தகங்களோடு லேப்டாப்புகளையும் சரஸ்வதி காலடியில் அடுக்குகிறார்கள். மறுநாள் பூஜை முடிந்துதான் எடுக்கலாம். படிக்காமல் இருக்க எவ்வளவு நல்ல ஏற்பாடு.

நானும் ஆசையாக என்னுடையதை நீட்டினேன். வாசலில் நின்ற மாணவி திறந்து பார்த்தாள். கடவுச்சொல் கேட்காமல் அது பல்லை இளித்தது. பூட்டாததை வாங்குவதில்லை என்று சிரித்தபடியே திருப்பிக் கொடுத்தாள். மற்றவற்றில் பெயர்கூட இல்லை, அடியில் துறை அலுவலகத்தின் தொலைபேசி எண் மட்டும். சாமி கும்பிடுகிற இடத்தில் இவ்வளவு கெடுபிடியா என்று முணுமுணுத்தேன்.

மறுநாள் பார்த்தால், சரஸ்வதி காலடியில் நித்யா வைத்திருந்த லேப்டாப்பைக் காணோம். டாலிகஞ்ச் பக்கம் வீட்டுவேலை செய்யும் பெண்கள், அவளுக்கு எல்லோரும் மாஷி, அதாவது வங்காளச் சித்தி, தங்கள் முதலாளிகளைப் பற்றி அவள் ஆராய்ச்சிக்காக மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். வராது என்று வாக்குக் கொடுத்திருந்தாள். யாரிடமும் சொல்லாதே, முதலில் தேடலாம் என்றேன். அவள் நேரே பேராசிரியையிடம் போய்ச் சொன்னாள். திட்டு விழும் என்று பார்த்தால், உடனே சொன்னதே நல்லது என்று அவர் பாராட்டினார். இருவரும் உட்கார்ந்து அவளுடைய கடவுச்சொற்களை மாற்றினார்கள். அசந்துபோனேன்.

மாலையில் அலுவலகத்துக்கு ஒரு போன். வேறு துறை மாணவன் ஒருவன் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போயிருக்கிறான். எத்தனை முறை முயன்றும் திறக்காததால்தான் அடியிலிருந்த எண்ணைப் பார்த்தானாம். அவனுடையது பூக்குவியலுக்கு அடியில் கிடந்தது.

நித்யா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அதான் கெடச்சிருச்சேடி, எதுக்கு அழற?" என்றேன்.

"பூட்டியிருக்குன்னு தெரியும் சித்தி. ஆனாலும் அந்த மாஷிங்க மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்துட்டே இருந்துச்சு."

போகிறவர்களுக்கு: பூஜை தேதி ஆண்டுதோறும் மாறும், பார்த்து ரயில் பதிவு செய்யுங்கள். மதியம் கிச்சடிப் பிரசாதம் இலவசம். பன்னிரண்டு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். லேப்டாப்பைப் பூட்டிக் கொண்டு போங்கள். என்னுடையதில் ஊர் சுற்றிய படங்கள்தானே இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். அன்று இரவு திறந்து பார்த்தேன். ரயிலிலும் டீக்கடையிலும் என்னை நம்பி எத்தனையோ பேர் சொன்னதெல்லாம் அவரவர் பெயரோடு நான் எழுதி வைத்த குறிப்புகளில் இருந்தது. உடனே பூட்டினேன்.