ஷட்டவுன் நாளில் ஒரு கூட்டம்

போன புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. ஒரு கல்லூரி முதல்வரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். மேஜை மேல் இரண்டு காகிதங்கள். ஒன்று, அன்றைய கூட்டத்தின் அழைப்பிதழ். தலைமை என்று என் பெயர் போட்டிருந்தது. இன்னொன்று, கையெழுத்தில்லாத கடிதம்.

'கூட்டம் நடந்தால் அப்புறம் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லைங்க' என்று முடிந்திருந்தது அந்தக் கடிதம். எங்கள் ஊரில் மிரட்டல்கூட மரியாதையாகத்தான் வரும்.

முதல்வர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், நடத்தலாமுங்களா... வேண்டாமுங்களா?"

"நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன். இருபது வருடம் பத்திரிகையில் இருந்தவன் சொல்கிற பதிலா அது? இல்லைதான். ஆனால் சொன்னேன்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். திருப்பூரை ஒட்டி, நொய்யலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பனியன் தொழிலில் வளர்ந்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறை உண்டு. அந்த இடத்தில் பொருளாதார மாணவர் மன்றம் ஒரு தலைப்பு வைத்தது — 'சாயத் தண்ணீர்: யார் பொறுப்பு?'

பேச இரண்டு பேர். ஒருவர் சாயப்பட்டறை முதலாளி. இன்னொருவர் மாரப்பன் — ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயி, அறுபதை நெருங்கும் வயது. முதலாளி அன்று காலையில்தான் சொல்லி அனுப்பினார், குலதெய்வம் கோயிலுக்குப் போவதாக. மாரப்பன் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். பக்கத்து அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மன்றச் செயலாளர் ரெஹானா, மூன்றாம் ஆண்டு மாணவி. அவள்தான் மாரப்பன் ஊருக்கே போய் அழைத்தவள். முதல்வர் மேஜைக்கு முன்னால் நின்றபடி சொன்னாள்: "சார், பத்திரமாக் கூட்டிட்டுப் போயி பத்திரமா அனுப்பறோம்னு அவரு ஊட்டம்மாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன் சார்."

முதல்வர் ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தார். அங்கே அப்போதே முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்தும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷட்டவுன். பாதிக் கம்பெனிகள் ஓடாது. அதனால் எங்கள் ஊரில் சங்கக் கூட்டம், ரத்ததான முகாம், பள்ளிக்கூட ஆண்டு விழா... முதலாளிகள் வர வேண்டிய எதுவானாலும் ஷட்டவுன் நாள் பார்த்துத்தான் வைப்பார்கள். பஞ்சாங்கத்துக்கு அடுத்தபடி எங்களுக்கு மின்வாரிய அறிவிப்புதான்.

முதல்வரும் அப்படித்தான் தேதி குறித்தார். முதலாளிகளுக்கு லீவு என்று யோசித்தார். தொழிலாளிகளுக்கும் அன்றுதான் லீவு என்பது தோன்றவில்லை. சாயப்பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை இல்லாத நாளில், அவர்கள் பிழைப்பைப் பற்றி ஒரு கூட்டம்... கதவைத் தட்டி அழைத்த மாதிரி.

பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் மூன்று கான்ஸ்டபிள்களோடு வந்தார். தெற்கத்திக்காரர்.

"நமக்கு எதுக்கு சார் வம்பு? நிறுத்திருங்க" என்றார்.

"அவரு வந்துட்டாருங்களே" என்றார் முதல்வர்.

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டை இழுத்துப் பூட்டுங்க. ஐடி கார்டு இல்லாம ஒருத்தர் உள்ள வரக்கூடாது. ஸ்பீக்கர் கட்டாதீங்க, வெளிய சத்தம் கேட்டாத்தான் பிரச்சினை. அரை மணி நேரத்துல முடிச்சிரணும். அந்த ஆளு என்ன பேசப் போறார்னு முன்னாடியே எழுதி வாங்கிருங்க. நான் ஒரு பார்வை பார்த்துர்றேன்."

ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. முதல்வர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும்தான். பேட்டரியில் ஓடும் மைக் செட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கேட்டில் சங்கிலி விழுந்தது.

எழுதித் தரச் சொன்னபோது மாரப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதிப் பேசற ஆளு இல்லீங்க நானு. எங்கெணத்துத் தண்ணி ஒரு பாட்டல்ல கொண்டாந்திருக்கறேன். அதையும் எழுதிக் குடுக்கோணுங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருநீலம். திருப்பிக் கொடுத்தார். எழுதித் தரும்படி அதற்குமேல் கேட்கவில்லை.

பத்தரைக்குக் கூட்டம் ஆரம்பித்தது. ஃபேன் ஓடாத ஹால். இருநூறு மாணவர்கள். கேட்டுக்கு வெளியே அதற்குக் குறையாத கூட்டம். மேடையிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கோஷம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. செய்தி சேகரிக்கப் போன இடங்களில் பார்த்திருக்கிறேன் — கத்துகிற கூட்டம் பெரும்பாலும் கத்திவிட்டுப் போய்விடும். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம் வேறு.

மாரப்பன் மைக் இல்லாமல் பேசினார். நிதானமான குரல். தென்னை காய்ந்தது, மாடு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பியது... பிறகு சொன்னார்: "போன மாசம் தண்ணி செவப்புங்க. இந்த மாசம் நீலமுங்க. வெள்ளக்காரன் இந்த வருசம் என்ன கலர்ல பனியன் போடறான்னு எங்கெணத்தப் பாத்தாத் தெரிஞ்சுக்கலாமுங்க."

ஹாலே சிரித்தது. பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு மட்டும் மைதானத்தைத் தாண்டி கேட்டுக்குப் போனது. எதற்குச் சிரித்தோம் என்பது போகவில்லை.

"நம்மளப் பாத்துத்தாண்டா சிரிக்கறானுக" என்று வெளியே ஒரு குரல். பட்டறையை எல்லாம் மூடச் சொல்கிறானாம், சாயக்காரன் எல்லாம் திருடன் என்கிறானாம் — அடுத்த சில நிமிடங்களில் பேச்சு அப்படி வளர்ந்ததாகக் காவலாளி பிறகு சொன்னார். இரண்டையும் மாரப்பன் சொல்லவே இல்லை.

முதல் கல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்தது. ஜன்னல் ஓர வரிசையில் ஒரு மாணவிக்கு நெற்றியில் கீறல். பெஞ்சுகள் நகர்ந்தன. கேட்டைப் பிடித்துக் குலுக்கும் சத்தம்.

சப்-இன்ஸ்பெக்டர் மேடைக்கு ஓடி வந்தார். "போதும் சார். பெரியவரைப் பின்வாசல் வழியா ஏத்தி அனுப்பிருவோம்."

மாரப்பன் அசையவில்லை. "பொறவாசல்ல போனா, நாந்தான் என்னமோ பண்ணிப்போட்டு ஓடறேம்பாங்க. வந்த வழியில போறேனுங்க. அடிச்சா அடிக்கட்டுமுங்க."

ரெஹானா என்னைப் பார்த்தாள். கூட்டத் தலைவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பாள். எழுந்தது முதல்வர்தான். முகம் வெளுத்திருந்தது.

"பி.டி. மாஸ்டர் ரூம்ல அந்தக் கை மைக் இருக்குதில்ல? எடுத்துட்டு வாங்க" என்றார். விளையாட்டு விழாவில் பிடித்துக்கொண்டு கத்துவார்களே, பேட்டரி போட்ட அந்தக் குழாய்.

"என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அவரு கேட்டுப் பக்கத்துல நின்னு பேசட்டுமுங்க. அவிய காதுலயும் விழுகட்டும்."

"ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்லை. எழுதிக் கொடுப்பீங்களா?"

முதல்வர் அழைப்பிதழைத் திருப்பினார். பின்பக்கத்தில் 'என் பொறுப்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நிர்வாகக் குழுவில் மூன்று சாயப்பட்டறைக்காரர்கள் இருக்கும் கல்லூரியின் முதல்வர்.

மைதானத்தைக் கடந்து நடந்தோம். அரை நிமிட நடை. முதல்வர், மாரப்பன், ரெஹானா, நான்... எங்களுக்கு முன்னால் கான்ஸ்டபிள்கள். கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் முகங்கள். சில பேர் கைகளில் கல். முழங்கை வரை சாயம் ஏறிய கைகள் — கழுவினாலும் போகாது.

மாரப்பன் குழாயை வாங்கிக்கொண்டு முதலில் இருந்து ஆரம்பித்தார். தென்னை. மாடு. சிவப்பு. நீலம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "கிணத்தத் தூக்கிட்டுப் போடா" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் கேட்டை உதைத்தான். மாரப்பன் நிறுத்தவில்லை. "எம்பையனும் சாயப்பட்டறையிலதான் இருக்கறானுங்க. காடு காஞ்சு போச்சுங்க, வேற எங்க போவான்?" என்றார்.

முன்னால் நின்ற ஒருவர் கையை உயர்த்திப் பின்னால் இருந்தவர்களை அமர்த்தினார். துரைசாமி என்று பெயர். சாய மாஸ்டர். கம்பிக்கு இடையில் கையை நீட்டினார், குழாய்க்காக. சப்-இன்ஸ்பெக்டர் 'வேண்டாம்' என்று தலையசைத்தார். முதல்வர் வாங்கிக் கொடுத்தார்.

"ஏனுங்க பெரியவரே, எல்லாஞ் செரி. நான் சோமனூர்ல தறிய வித்துப்போட்டு இங்க வந்தவன். பட்டறைய மூடுனா நாங்க எங்க போறதுங்க?"

குழாய் திரும்பி வந்தது. "மூடச் சொல்லலீங்க சாமி. தண்ணியச் சுத்தம் பண்ணி உடச் சொல்றனுங்க."

"அத எங்ககிட்டச் சொன்னா? மொதலாளிகிட்டச் சொல்லோணும்."

"சொல்லலாம்னுதானுங்க வந்தேன். அவரு கோயலுக்குப் போயிட்டாராமா."

கேட்டின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்பு கேட்டது. துரைசாமியும் சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

சமாதானம் ஆகிவிட்டது என்று எழுதமாட்டேன். ஆகவில்லை. குழாய் கம்பி வழியாக ஒன்றேகால் மணி நேரம் போய் வந்தது. கெட்ட வார்த்தை வந்தது. இன்னொரு கல்கூட வந்தது. யார் மீதும் படவில்லை. ஒரு மணிக்குச் சிலர் சாப்பிடப் போனார்கள். மிச்சப்பேரும் கலைந்தார்கள். துரைசாமி போகும்போது, "நீங்க பேசுனது செரின்னு ஒத்துக்கலீங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போகட்டும். கேட்டுவிட்டு மறுக்கிறவரோடு இன்னொரு நாள் பேசலாம்.

முதல்வரே கல்லூரி வேனில் மாரப்பனை ஊர் வரை கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் வேன் திரும்பி வந்தது. டிரைவர் "ஊட்டுல உட்டாச்சுங்க" என்ற பிறகுதான் ரெஹானா கிளம்பினாள்.

எனக்கு அப்புறம் தோன்றியது இது. ஆபத்து உண்மையானதுதான். சப்-இன்ஸ்பெக்டர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் அந்த ஆபத்து எங்கே இருந்தது? தேதியில் இருந்தது. பூட்டிய கேட்டில் இருந்தது. திருப்பி அனுப்பிய மைக்கில் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதை ஒரு விவசாயியின் வாயில் தேடிக்கொண்டிருந்தோம்.

நேற்று முதல்வரைப் பார்த்தேன். நிர்வாகக் குழு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. அவர் வேலை இருக்குமா என்பது குழுவின் அடுத்த கூட்டத்தில் தெரியும். பதிலை எழுதி வைத்திருந்தார், காட்டினார். ஷட்டவுன் நாளில் வைத்தது ஏன் என்ற கேள்விக்கு, 'என் தவறு.' மாணவிக்குக் காயம் பட்டதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, 'நான்.' எதிர்ப்பு இருந்தும் மாரப்பனைப் பேச விட்டது ஏன் என்ற கேள்விக்குக் கீழே மட்டும் வெற்றிடம்.

"இதுக்கு ஒண்ணும் எழுதலையா?" என்றேன்.

"நாம கூப்பிட்டமுங்க. அவரு வந்தாருங்க. இதுல என்னத்த எழுதறது?"