அண்ணனை வண்டியில் கொண்டுவந்த நாள்

ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுகமானவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, லயத்து வீட்டுக்கு நடந்து வருவார்கள். வண்டி பிடித்துக் கொண்டுவரப்படுகிறவர்கள் சாகத்தான் வருகிறார்கள். அப்பாவை அப்படித்தான் ஒரு வான் வண்டியில் கொண்டுவந்தோம். மறுநாள் அடக்கத்துக்கு எடுத்தோம்.

அண்ணன் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலையில் இருந்தான். வேலை செய்துகொண்டிருந்தவன் அப்படியே விழுந்துவிட்டான். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். வலது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் மலையாள நர்ஸ் ஒருவர் இருந்தார். கண்டம் தாண்டிவிட்டார், இனி ஊருக்குக் கொண்டுபோகலாம், சொந்தக்காரர் குரலைத் தினமும் கேட்டால் பேச்சு திரும்பக்கூடும் என்று அவர்தான் போனில் சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. நான் பஜாரில் புடவைக் கடையில் நிற்கிறவள். படிப்பு குறைவுதான், ஆனால் வாய் உண்டு. ஏஜென்சிக்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்தேன், கொழும்பில் ஒவ்வொரு அலுவலகமாகக் கெஞ்சினேன். விமானத்தில் சீட்டுகளை மடித்து ஸ்ட்ரெச்சர் போடவும், கூடவே ஒரு நர்ஸ் வரவும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அம்புலன்ஸ் நிற்கவும் ஏற்பாடாகிவிட்டது. அம்மாவின் சம்மதக் கையெழுத்து மட்டும் பாக்கி.

அம்மா மாட்டேன் என்றாள்.

"அங்கயே கெடக்கட்டும்டி. அங்க இருக்கிற வரைக்கும்தான் அவனுக்கு உசுரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு விமானத்தையே வளைத்துப் பிடித்துவிட்டேன், பெற்ற தாயை வளைக்க முடியவில்லை. உங்களுக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்பாவைக் கொண்டுவந்த வான் இன்னும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

இதற்குள் நர்ஸ் மறுபடி போன் எடுத்தார். இந்தமுறை குரல் இறங்கியிருந்தது. அண்ணனுக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கிறதாம், நெஞ்சில் சளி கட்டினால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம், பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாதாம். வீடியோவைப் போடச் சொல்லி, போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அண்ணனின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அம்மாவைக் கண்டதும் இடது கையைத் தூக்கித் திரையைத் தடவினான்.

"சரி, கொண்டா," என்றாள் அம்மா. மகனைக் கடவுளிடம் ஒப்புக்கொடுக்கிற குரல் அது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் உடனே கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.

காய்ச்சல் தணிந்த அன்றைக்கே ஏற்றிவிட்டார்கள். கட்டிலைத் தட்டிப் போட்டு வையுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் விமான நிலையம் போனேன். அண்ணன் என்னை அடையாளம் கண்டான். இடது கண்ணில் தண்ணீர் வழிந்தது. அம்புலன்ஸில் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தேன். யாருக்குக் கல்யாணம், எவன் வீட்டில் சண்டை, ஒன்றையும் விடவில்லை. வெளிநாட்டுக் கோழி தின்று கொழுத்து வருவீங்கன்னு பார்த்தா இப்படிக் கருவாடா வந்திருக்கீங்களே அண்ணே என்றேன். பாதி வாயால் சிரித்தான். சத்தம் மட்டும் வரவில்லை. நடுநடுவே அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்தது.

தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"மள கெதரக்த நங்கி?"

சாவு வீடா என்று கேட்கிறார். எட்டிப் பார்த்தேன். ரப்பர் மரத்துக்கு மரம் கயிறு கட்டி வெள்ளைக் கொடிகள் நனைந்து தொங்கின. ஐயோ, அம்மாவா! எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பாதை திரும்பும் கோயில் முடக்கில் கொடிகள் நின்றுவிடும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. கீழ் லயத்தையும் தாண்டி எங்கள் லயத்தை நோக்கியே போயின. படுத்திருந்த அண்ணன் பின்கதவுக் கண்ணாடி வழியாக அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். யாரோ வயசாளி போயிருப்பாங்க அண்ணே என்றேன். எனக்கே அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

வாசலில் கூடாரம் போட்டிருந்தது. வாடகை நாற்காலிகளில் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி வைக்க ஒரு நீட்டு வாங்கு, அதன்மேல் வெள்ளைத் துணி. அதற்குப் பக்கத்தில் அம்மா நின்றாள், உயிரோடு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்டவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறாள்: பெரிய மகனை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவருகிறார்கள். மரண உதவிச் சங்கத்துக்கு அது போதும். எப்படியும் இன்றைக்கோ நாளைக்கோ என்று, மழைக்கு முந்தியே எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள். அம்மாவுக்கும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் சனம் அப்படித்தான், கல்யாணத்துக்குப் பிந்தினாலும் சாவுக்கு முந்திக்கொள்ளும்.

கதவைத் திறந்ததும் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பாதியில் நிறுத்தினார்கள். ஸ்ட்ரெச்சரை இறக்கினோம். மழைத் துளி அவன் முகத்தில் விழுந்தது. அவன் கொடிகளைப் பார்த்தான், கூடாரத்தைப் பார்த்தான், வெள்ளைத் துணி விரித்த வாங்கைப் பார்த்தான். கடைசியில் அம்மாவைப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டு துடித்தது. நாங்கள் இத்தனை நாளும் கேட்கத் தவம் கிடந்த குரல், தடித்து, ஆனால் தெளிவாக வந்தது.

"எனக்கா?"

அம்மா மழையில் இறங்கி ஓடினாள். கொடிக் கயிற்றைப் பிடித்து இழுக்க எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கை எட்டவில்லை.