சீல் வைத்த ஏழு கிலோ

மகளின் பிரசவத்துக்காக நான் இரண்டு மாதமாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு பெரிய பெட்டிகளும் இன்னும் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. ஒன்றில் வடகம், வற்றல், மசாலாப் பொடிகள், ஒரு மூன்று லிட்டர் குக்கர். இன்னொன்றில் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஐந்து வயது வரை காணும் அளவுக்குத் துணிமணி. தலா இருபத்துமூன்று கிலோ. அடுத்த மாதம் கிளம்பி மூன்று மாதம் தங்கிவிட்டு வருவதாக ஏற்பாடு.

ஒரு திங்கட்கிழமை காலை ராட்டர்டாமிலிருந்து மகள் கூப்பிட்டாள். ரத்த அழுத்தம் ஏறி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அப்போதுதான் எட்டாம் மாதம்.

"வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றாங்கம்மா. அதுக்கு மேல வெச்சிருக்க மாட்டாங்க, குழந்தைய எடுத்துடுவாங்க. நீ அதுக்குள்ள வந்துடுவியா?"

மருமகன் கப்பலில் இன்ஜினியர். அவர் கப்பல் கரையைத் தொட இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அந்த ஊரில் அவளுக்கு வேறு யாரும் இல்லை. வந்துவிடுவேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

விசா ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. டிக்கெட்டுக்குத்தான் அல்லாடினோம். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது டன் எடையைத் தூக்கிக் கப்பலில் பூப்போல வைக்கிற மனிதர், போனில் டிக்கெட் எடுக்க ஒரு மணி நேரம் வியர்த்தார். கடைசியில் கிடைத்தவை இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். நடுவில் வளைகுடாவில் இறங்கி வேறு கம்பெனி விமானம் ஏற வேண்டும். பெட்டியைச் சரக்கில் போட்டால் அங்கே வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டும். வெளியே போக எனக்கு அந்த நாட்டு விசா கிடையாது.

"அப்போ பொட்டி?"

"கைல தூக்கிக்கினு போறது மட்டும்தான். ஏழு கிலோ."

"மூணு மாசத்துக்கு ஏழு கிலோவா?"

"இன்னா இப்போ? நான் ஒரே லுங்கியோட கோவா போய்ட்டு வர்ல?"

"நீ போனது ரெண்டு நாளு. அந்த லுங்கியும் திரும்பி வர்ல."

அவர் பேச்சை மாற்றி, பெட்டியை எங்கே எடை போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் டிப்போவில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதிச் சரக்கு கண்டெய்னருக்குள் ஒழுங்காக அடுக்கப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்து, கதவை மூடி சீல் போடுவது என் பொறுப்பு. இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் கதவுகளை மூடியிருப்பேனோ, தெரியாது. ஒரு கைப்பெட்டி எனக்கு எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். பேப்பர் எடுத்துப் படமே வரைந்தேன். கனமானவை சக்கரத்துப் பக்கம். துணியெல்லாம் சுருட்டி இடுக்குகளில். குக்கர் கேஸ்கெட்டை வட்டமாகப் பெட்டியின் ஓரத்தில் வைத்தால் இடமே அடைக்காது. செருப்புக்குள் வசம்பு. மகள் கேஸ்கெட் ஒன்றுதான் கேட்டிருந்தாள். குக்கர் அங்கே இருக்கிறதாம்.

தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் பெட்டியை ஏற்றினேன். பதினொன்று காட்டியது.

"இன்னாக்கா, எவ்ளோக்குப் போடப் போற?" என்றார் கடைக்காரர். "பொட்டி பிளாஸ்டிக்கு, தனி ரேட்டு."

"விக்க வர்லப்பா. எடை பாக்க வந்தேன்."

"அப்ப தொறந்து போடு. எது கலீஜோ அத இங்கயே கடாசிட்டுப் போ."

அவர் கண்ணெதிரிலேயே திறந்தேன். நாலு புடவை வெளியே போனது. ஜெப புத்தகம் போனது. மூன்று மாதத்துக்கு அதெல்லாம் மனப்பாடம்தான், இல்லாவிட்டாலும் கடவுள் எழுத்துப்பிழை பார்க்கிறவர் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாடு மட்டும் என் கையை விட்டுப் போக மறுத்தது. கடைக்காரர் முகர்ந்து பார்த்து, "இத எடுத்துக்கினு போனா பிளேன்ல பக்கத்து சீட்டு காலியா கெடைக்கும்" என்றார். அவரிடமே கொடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தவை: குழந்தைக்குக் கிழித்து வைத்த பழைய வேட்டித் துணி, பிரசவ லேகியம் ஒரு டப்பா, என் மாத்திரைகள், இரண்டு நைட்டி, கேஸ்கெட். ஆறு கிலோ எண்ணூறு. இரண்டு சுடிதாரை ஒன்றன்மேல் ஒன்றாக உடம்பில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மே மாதம், ராயபுரம். புழுங்கிச் சாகலாம், எடைக்கணக்கில் வராது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கண்டெய்னர் சீல் என்பது பென்சில் தடிமனில் ஓர் இரும்பு ஆணி, அதற்கு ஒரு மூடி. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பிறகு பிரிக்கவே முடியாது, வெட்டத்தான் வேண்டும். விற்பனைக்காரர்கள் மாதிரிக்குக் கொடுத்த ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தது. யாராவது வழியில் பெட்டிக்குள் எதையாவது திணித்துவிட்டால்? போலீஸ் என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால்? என் பெண் அங்கே தனியாகக் கிடப்பாளே? ஜிப்பின் இரண்டு தலைகளிலும் இருந்த ஓட்டைகள் அந்த ஆணிக்காகவே செய்ததுபோல் இருந்தன. டக். மூன்று நாளில் முதல்முறையாக என் மனசு அமைதியானது.

அந்த அமைதி மீனம்பாக்கம் விமான நிலையம் வரைக்கும் தாங்கியது. ஸ்கேனர் திரையில் லேகிய டப்பாவைப் பார்த்துவிட்டு பாதுகாப்புப் பெண் என் பெட்டியைத் தனியே தள்ளினார். திறக்கச் சொல்லி இந்தியில் சொன்னார். எனக்குத் தெரிந்த இந்தி முழுக்க லாரி டிரைவர்களிடம் கற்றது. சீருடையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் அதில் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. ஆங்கிலத்தில் "கண்டெய்னர் சீல்" என்றேன். எந்தக் கண்டெய்னர், எங்கே இருக்கிறது என்று அவர் கேட்க ஆரம்பித்ததும்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியது. தமிழ் தெரிந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டார்கள்.

"யாரும்மா இதைப் போட்டது?"

"நான்தான் சார்."

"சாவி எங்க?"

"இதுக்குச் சாவி கிடையாது சார். அதுதான் இதோட பாதுகாப்பே."

"அப்ப எப்படித் திறப்பீங்க?"

"ரெண்டடி நீளத்துல ஒரு கட்டர் இருக்கு. எங்க டிப்போவுல."

அவர் ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விமானத்தில் ஏறச் சொல்லி அறிவிப்பு வந்தது. இதை விட்டால் வளைகுடாவிலிருந்து போகும் அடுத்த விமானமும் போய்விடும், வியாழக்கிழமையும் போய்விடும். கணவரை போனில் பிடித்தேன்.

"பேஜாராவாத," என்றார். "தோ, டிப்போவுக்குப் போய் கட்டர எடுத்தாரேன். ரெண்டு மணி நேரம் ஆவும். பிளேன நிக்கச் சொல்லு."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். என் பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நாளைக்கு அறுவை சிகிச்சை, யாரும் இல்லை என்று ஏதேதோ சொன்னேன். அதிகாரி அந்தப் பெண்ணிடம் என்னவோ சொன்னார். அந்தப் பெண் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். ஜிப்பின் பற்களுக்கு நடுவே முனையை வைத்துக் குத்தினார். பெட்டி வாயைப் பிளந்தது. சீல் தன்பாட்டுக்கு அசையாமல் பத்திரமாக இருந்தது.

இருபது வருட நம்பிக்கை, ஐந்து ரூபாய் பேனா. லேகியத்தைப் பிடுங்கிக்கொண்டு, சீலோடு இரண்டு ஜிப் தலைகளையும் சேர்த்து ஒருமுறை ஓட்டினார். பெட்டி மறுபடி மூடிக்கொண்டது. "மாதாஜி, ஓடுங்க" என்றார் அதிகாரி. இரண்டு சுடிதாரோடு ஓடினேன். கதவை மூட இருந்தார்கள்.

விமானம் இறங்கிய ஊரிலிருந்து ராட்டர்டாம் போகும் ரயிலில் ஏறியபோதுதான் போனில் கணவரின் செய்தியைப் பார்த்தேன். புதன் ராத்திரியே அழுத்தம் எகிறி, வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பையன். 'ரெண்டு பேரும் நல்லாக் கீறாங்க. அழுவாத.' நான் எங்கோ கடலுக்கு மேலே சாப்பாட்டுத் தட்டில் பிளாஸ்டிக் கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அது நடந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முழங்கை வரை கை கழுவச் சொல்லி, பையனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டினார்கள். மூக்கில் குழாய். கோபமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பிறகு மகள் இருந்த அறைக்குப் போனேன். முகம் வீங்கியிருந்தது. எனக்கு லேட்டாகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"ராத்திரி ரொம்பப் பயந்துட்டேம்மா," என்றாள். "தள்ளிக்கினு போறப்போ வாய்க்கு வந்ததெல்லாம் நம்ம பாஷைல கத்திட்டேன். ஒரு நர்ஸு நான் ஜெபம் பண்றேன்னு நெனச்சிக்கினு என் கையப் புடிச்சிக்கினு ஆமென் ஆமென்னு சொல்லிக்கினே வந்துது."

"யாரடி திட்டின?"

"வேற யார? உன்னத்தான். வரேன்னு சொல்லிட்டு வர்லியே."

"இன்னான்னு திட்டின?"

சொன்னாள். இங்கே எழுத முடியாது. காசிமேட்டில் வலை அறுந்தால்கூட அப்படிப் பேச மாட்டார்கள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி திட்டு" என்றேன்.

திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல்.