பேழைக்கு இரண்டு பெயர்

மொன்றியலில் பஸ் பிந்தினால் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் கோயில் பீடத்து நற்கருணைப் பேழையின் பெயரைச் சொல்வார்கள். பனியில் கார் சறுக்கினால் திருக்கிண்ணத்தைச் சொல்வார்கள். சூடான கோப்பி கையில் ஊற்றுப்பட்டால் திருவப்பத்தைச் சொல்வார்கள். இங்கே வந்த முதல் மாரியில் இதைக் கேட்டு, என்ன பக்தியான சனம் என்று நான் நெகிழ்ந்துபோனேன். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடைக்கிற வேலை கிடைத்திருந்தது. மேற்பார்வையாளர் ரெஜான் காலையில் கதவைத் திறக்கும்போதே 'தபர்னாக்' என்பார். 'தபெர்னாக்ல்' என்றால் பேழை என்று பிரெஞ்சு வகுப்பில் படித்திருந்தேன். கடைசி எழுத்தை விழுங்குவது இந்த ஊர் வழக்காக்கும் என்று எண்ணி, அவர் சொல்லும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த மனிதர், பிறகு என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கத்தால் போகத் தொடங்கினார். பக்கத்து மேசை ஹெயிற்றிக்காரி மரீதான் வயிறு நோகச் சிரித்துவிட்டு விளக்கினாள். ஒரு காலத்தில் இந்த மாகாணத்தில் கோயில் சொன்னதுதான் சட்டமாம். பிறகு சனத்துக்குக் கோயிலோடு கோபம் வந்து, பீடத்துச் சாமான் எல்லாம் வசைச்சொல்லாகிவிட்டதாம். எனக்குக் காது சுட்டது.

மன்னாரில் எங்களுக்குக் கோபம் வந்தால் நாயும் பேயும் மாடும் வாயில் வரும். மிஞ்சினால் எதிராளியின் பரம்பரை வரும். பேழை வராது. அதற்கு முன்னால் ஓடி விளையாடினால் அம்மா தொடையில் கிள்ளுவா. சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்த நாட்களில் ஊர் முழுக்கக் கோயிலுக்குள் படுத்துக் கிடந்தோம். அப்போதுகூடப் பேழை இருந்த பக்கம் யாரும் கால் நீட்டவில்லை. நித்திரையில் புரண்ட குழந்தைகளையும் தூக்கித் திருப்பிப் போட்டோம். அப்படிக் காத்த பெயரை இங்கே வழுக்கி விழுகிறவன் கத்துகிறான். எத்தனை வருடம் கேட்டும் எனக்கு அது பழகவில்லை. கேட்டவுடன் உள்ளே ஏதோ ஒன்று இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிடும்.

எங்கள் தமிழ்ப் பூசை ஞாயிறு பின்னேரம், ஒரு பிரெஞ்சுக் கோயிலில். காலையில் சில வயதான பெண்கள் மட்டும் முன்வாங்கில் இருந்து பூசை கண்டுவிட்டுப் போவார்கள். பின்னேரம் நாங்கள் குடும்பம் குடும்பமாக வந்து நிறைப்போம். கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கூடும் இளையோர் வட்டத்தைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை, பிரெஞ்சு கொஞ்சம் வரும், இவ்வளவும் போதும் என்று சபைக்காரர் நினைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் குழு சேர்ந்து அடிபடுகிறார்கள் என்று வேறு நகரங்களிலிருந்து கதைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. பெற்றோருக்குப் பயம். ஆனால் இரண்டு வேலை செய்கிறவர்கள் பிள்ளையை எப்போது பார்ப்பது? கோயில் பார்க்கும் என்று கொண்டுவந்து விட்டார்கள். கோயில் என்றால் அந்த மண்டபமும் நானும்தான்.

டிலானிக்கு அப்போது பதினாறு வயது. அக்கரை லொங்கேயிலிருந்து ஆற்றுக்குக் கீழால் வரும் மஞ்சள் மெற்றோவில் தனியே வருவாள். தகப்பன் ரொறன்ரோவுக்குப் போனவர், திரும்பவில்லை. தாய் றீற்றாவுக்கு ஞாயிறும் ஒரு ஹொட்டேலின் சலவையறையில் வேலை. டிலானிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பூசையில் வாசிக்கிற வேதாகம வாசகத்தை நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வருவாள். வாசிக்க நின்றால் ழகரமும் பிசகாது. றீற்றா ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, கிழமை முழுக்க அவள் எங்க, ஆரோட எண்டு எனக்குத் தெரியாது. ஞாயிறு மட்டும்தான் தெரியும். அதை விட்டிடாதேங்கோ."

அந்தத் தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்காக மண்டபத்திலிருந்து பெரிய மரச்சிலுவையை மேலே தூக்கினோம். படியில் அது சறுக்கி, டிலானியின் காலில் விழுந்தது. திருவப்பம், கிண்ணம், பேழை மூன்றும் அவள் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தன: "ஓஸ்தி து காலிஸ் து தபர்னாக்."

பக்கத்தில் நின்றவர் எங்கள் சபைத் தலைவர் அருளப்பு அண்ணை. தமிழ்க் கடையில் வேலை, தமிழ் அயல், பிரெஞ்சு இல்லாமலே காலம் தள்ளியவர். ஆனால் பீடத்துச் சாமான்களின் பிரெஞ்சுப் பெயர் மட்டும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பூசைச் சாமான் அலுமாரியின் சாவி வைத்திருக்கும் பிரெஞ்சு மூதாட்டியிடம் ஞாயிறுதோறும் அவர்தான் கேட்டு வாங்குவார். பிள்ளை கத்தியதைக் கேட்டு அவருடைய கண் கலங்கிவிட்டது. பூசை முடிவில் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்கட பிள்ளையளை இனி ஒருத்தரும் குறை சொல்லாதேங்கோ. கால் நசிஞ்ச நேரத்திலயும் ஒரு பிள்ளை நற்கருணைநாதரைத்தான் கூப்பிட்டது. நோவில முழுச்சொல்லும் வரேல்லை, பாவம்."

தாய்மார் கைதட்டினார்கள். பின்வாங்கில் பிள்ளைகள் குனிந்து குலுங்கினார்கள். நான் செபப்புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் அருளப்பு அண்ணைக்கு அவருடைய மகனே அதன் அர்த்தத்தை விளக்கிவிட்டான். அடுத்த ஞாயிறு அவர் மண்டபத்துக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் வசைச்சொல்லைப் புகழ்ந்தவரின் அவமானம் எனக்கு விளங்கியது. அந்தக் கோபம் முழுவதும் டிலானி மேல் திரும்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒலிவாங்கியில் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவரை வாசகம் இல்லை, மண்டபத்தில் இனித் தமிழ் தவிர வேறு பாசை கேட்கக் கூடாது என்றார். நாங்கள் எரிச்சலில் 'சனியன்' என்பதுபோலத்தான் இதுவும் என்று நான் குறுக்கே போனேன். நீர் வக்காலத்து வாங்கித்தான் இதுகள் இப்படி என்று என் வாயை அடைத்துவிட்டார். டிலானி நொண்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அங்கிள், நான் சாமியை ஏசேல்லை. அது பள்ளிக்கூடத்தில, பஸ்ஸில கதைக்கிற சொல். எனக்குச் சாமி பிரெஞ்சில இல்லை. நற்கருணைப் பேழை எண்டு இந்த அன்ரிதான் சொல்லித்தந்தவா. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கோவத்தில சொன்னதில்லை."

எப்படியானாலும் ஒலிவாங்கியில் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும் என்றார் அருளப்பு அண்ணை, இம்முறை குரலைத் தாழ்த்தி. அவள் ஜாக்கெற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவள் வரவில்லை. அவள் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. அவளுக்குச் சாமி தமிழில் மட்டும்தான் இருக்கிறார் என்பதில் பெருமைப்படுவதா, பயப்படுவதா? தமிழை அவள் எங்களோடுதான் கதைக்கிறாள். நாங்கள் கதவைச் சாத்தினால் அவளுக்குத் தமிழும் போய், அதோடு சாமியும் போய்விடுவாரே. பெட்டி அடைக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இதே யோசனை. பிறகு றீற்றா தொலைபேசியில் அழுதாள். இப்போது ஞாயிறும் மகள் எங்கே என்று தெரியவில்லை என்றாள்.

நான் மெற்றோ ஏறி லொங்கேய்க்குப் போனேன். டிலானி கதவைத் திறந்தாள், ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை. கால் நசிந்தால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டாள். யேசுவே என்பேன் என்றேன்.

"அப்ப நீங்கள் சொன்னாச் செபம், நான் சொன்னாப் பாவம்."

பதிலுக்கு ரெஜானின் கதையைச் சொன்னேன். ஒருநாள் பெட்டி ஒன்று காலில் விழுந்து நான் "யேசுவே" என்று அலற, அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, உங்கள் பாசையில் இது மிகவும் கெட்ட சொல்லோ என்று ஆவலோடு கேட்டார். பண்டகசாலை முழுக்க அதைச் சொல்லப் பழகிக்கொண்டது. டிலானி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியபிறகும், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அருளப்பு அண்ணை வேலை செய்யும் கடைக்குப் போய், செபமும் பாவமும் பற்றி அவள் கதவடியில் சொன்ன அந்த ஒரு வசனத்தை அப்படியே சொன்னேன். அவர் வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, பெரிய வியாழன் ரெண்டாம் வாசகத்துக்கு ஆர்?"

ஒருவரும் இல்லை என்றேன்.

"அந்தப் பிள்ளை சுத்தமா வாசிக்கும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

யேசுவின் கடைசி இராவுணவை நினைக்கும் பெரிய வியாழன் பூசை பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து நடந்தது. நான் சொல்லி அனுப்ப, டிலானி வந்தாள். வாசித்தாள். பிறகு பிரெஞ்சுக் குரு பிரசங்கத்தில் பீடத்துக்குப் பின்னால் கை காட்டினார். அந்த நாளின் வழக்கப்படி பேழையின் கதவு திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இன்று மாலை தபெர்னாக்ல் வெறுமையாக இருக்கிறது என்றார், கடைசி எழுத்தையும் விழுங்காமல். முன்வாங்கில் வயதான பெண்கள் தலை குனிந்தார்கள். அருளப்பு அண்ணையும் குனிந்தார், அவருடைய காது சிவந்துகொண்டு வந்தது. பின்வாங்கில் பிள்ளைகள் குலுங்கத் தொடங்கினார்கள். என் தலை தன்பாட்டில் குனிந்தது, வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிமிரவும் முடியாமல் இருந்தேன்.

டிலானி உதட்டைக் கடித்தபடி என் பக்கத்தில் இருந்தாள். முழந்தாளிடும் நேரம், இன்னும் ஆறாத கால்விரல் வாங்கின் காலில் இடித்தது. அவள் வாய் திறந்தது. முன்வரிசையிலிருந்து அருளப்பு அண்ணை திரும்பிப் பார்த்தார். அவள் திறந்து கிடந்த பேழையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணில் நீர் முட்ட வாயை மூடிக்கொண்டு என் கையை நோகும்படி இறுக்கினாள். எந்தச் சொல்லை விழுங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.