கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு கண் பரிசோதனை

எங்கள் ஊரில் எறும்புகூட எதிரே வரும் எறும்பின் மேல் இடித்துக்கொள்ளாது. எல்லாம் கண்ணாடிக்கடைக்காரரும் அவர் மனைவியும் செய்த புண்ணியம். சரி, இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். எறும்பை விட்டுவிடுங்கள், மனிதர்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய உண்மை.

கடை என்றால் ஒரே அறை. முன்பக்கம் அவர் சாணைச் சக்கரத்தில் லென்ஸின் ஓரம் தேய்ப்பார்; ஈரத்தூள் முழங்கை வரை வெள்ளையாக அப்பியிருக்கும். பின்பக்கம் அவர் மனைவி, ஊருக்கெல்லாம் அக்கா, எழுத்து அட்டையை மாட்டிக் கண் பார்ப்பார். யாராவது காலமானால் வீட்டார் அவர் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அக்கா அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, திருகு முடுக்கி, வாங்க வழியில்லாத ஒருவர் மூக்குக்குப் பொருத்திவிடுவார். கணக்கு வாத்தியாரின் கண்ணாடி தையல்காரிக்குப் போனது அப்படித்தான். "இதப் போட்டா யாரையாவது அதட்டணும்போலயே இருக்குக்கா" என்பாள் அவள்.

அந்தக் கடையில் ஒருநாள் பஸ் டிரைவருக்காகக் கணவர் புதிதாகச் செய்த கண்ணாடியை வழக்கம்போல் உயர்த்திப் பிடித்துப் பார்த்த அக்கா, மறுபடியும் பார்த்தார். இடது லென்ஸ் வலதில், வலது லென்ஸ் இடதில். வட்டச் சட்டம் என்பதால் வெளியே தெரியவில்லை. கொடுத்திருந்தால்? ஒரு பஸ் ஜனமாயிற்றே! கணவர் சில நாளாகவே டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவது அப்போதுதான் உறைத்தது.

"உங்க கண்ணுல புரை விழுந்திருக்கு. ஆபரேஷனுக்குப் போகலாம்."

"எனக்கா? ஊருக்கே கண்ணு குடுத்தவன்டி நான்!"

"அப்ப வந்து நாற்காலியில உக்காருங்க. தப்பில்லாம வாசிச்சிட்டா நான் வாயத் திறக்கல."

மிடுக்காக உட்கார்ந்தார். மேல் வரிசை தொடங்கி அடியில் உள்ள பொடி எழுத்து வரை கடகடவென்று வாசித்தார். "எப்படி?" என்று மீசையையும் தடவிக்கொண்டார்.

அக்கா அவரைக் கைப்பிடித்துச் சுவரருகே கூட்டிப்போனார். மூக்கு இடிக்கும் தூரத்தில்தான் அவருக்குத் தெரிந்தது, அட்டை திருப்பி மாட்டியிருந்தது. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு மனப்பாடமானதை அதன் வெறும் முதுகைப் பார்த்து ஒப்பித்திருக்கிறார்.

மீசையைத் தடவிய கை கீழே இறங்கியது. "டிரைவர் கண்ணாடிய மட்டும் சரிபண்ணிட்டு வரட்டுமா?"

"நான் பண்ணியாச்சு. செருப்பப் போடுங்க."

கதையை இந்த இடத்தில் நிறுத்தலாம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா விடுவதாக இல்லை.

"அட்டைய யாரு திருப்பினா? தொடைக்கறதுக்குக் கழட்டி மேசை மேல வெச்சிருந்தேன். சுவத்துல ஆணி மட்டும்தான் இருந்துச்சு. இந்த மனுஷன் ஆணியப் பாத்தே அத்தனை வரிசையும் வாசிச்சாரு!"